இருபத்தெட்டுக் கட்டங்கள்

பாதம் பார்க்கும் அட்டையில் இருபத்தெட்டுக் கட்டங்கள். ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அவள் ஒரே காலையில், டீ ஆறுவதற்குள் நிரப்பி முடித்தாள்.

ஏனோதானோ என்று நிரப்பவில்லை. நீலப் பேனாவில் ஐந்தாறு டிக், பிறகு கறுப்பில் மூன்று, மறுபடி நீலம். மை தீரப்போகும் பேனா ஒன்றைத் தேடி எடுத்து, கோடு விட்டுவிட்டு விழும்படி இரண்டு. ஒரு டிக்கின் மேல் டீ டம்ளரை வைத்து எடுத்தாள். பதினேழாம் நாளை வேண்டுமென்றே காலியாக விட்டாள். முப்பது வருஷம் பள்ளிக்கூட அலுவலகத்தில் வருகைப் பதிவேடு பார்த்தவள் அவள். உண்மையான பதிவேடு கொஞ்சம் அழுக்காகத்தான் இருக்கும். சுத்தமாக இருந்தால் யாரோ உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

ஒவ்வொரு கட்டத்தின் கீழும் பொடி எழுத்தில் ஒரே வாக்கியம் அச்சாகியிருந்தது: ‘இன்று இரண்டு பாதங்களையும் அடிப்பக்கம், விரல் இடுக்கு உட்படப் பார்த்தேன்.’

இருபத்தேழு முறை பார்த்தேன் என்று அவள் சொல்லியிருந்தாள். ஒரு முறைகூடப் பார்க்கவில்லை.

குளியலறைக்குள் அவள் கணவர் சாக்ஸ் மாட்டிக்கொண்டிருந்தார். கதவைத் தாழிட்டுக்கொண்டு மாட்டுவார். வெளியே வரும்போது கால் மூடியிருக்கும். பதினாலு வருஷமாகச் சர்க்கரை. நாலு வருஷமாகப் பாதம் மரத்துப்போயிருக்கிறது. ஆரம்பத்தில் ஒரே ஒரு தடவை, “என்னமோ பஞ்சு மேல நடக்கிற மாதிரி இருக்கு” என்றார். அதற்கப்புறம் அந்தப் பேச்சே எடுக்கவில்லை. சாக்ஸை எட்டி இழுத்துக்கொள்ள முடியும், அதற்கு மேல் வயிறும் இடுப்பும் குனிய விடாது. அவர் தன் உள்ளங்காலைப் பார்த்து வருஷக்கணக்காகிறது.

ஆஸ்பத்திரியில் அட்டை கொடுத்த முதல் நாள் அவள் பார்க்கத்தான் போனாள். அவர் நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். முட்டி வலியோடு தரையில் உட்கார்ந்து சாக்ஸில் கை வைத்தாள். அவர் காலை வெடுக்கென்று இழுத்தார்.

“நாற்பத்தோரு வருஷம் ஊர்ல இருக்கிறவன் காலையெல்லாம் நான் பிடிச்சாச்சு. என் காலை யாரும் பிடிக்க வேணாம். எந்திரி.”

இழுத்த வேகத்தில் குதிகால் அவள் தாடையில் பட்டது. உதைக்கவில்லை, இழுத்தார், அவ்வளவுதான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். தாடை இரண்டு நாள் வலித்தது. சோற்றை ஒரு பக்கமாகவே மென்றாள். அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை. அவரும் காட்டவில்லை. அட்டை ஃபிரிட்ஜின் மேல் கிடந்தது.

அவர் வேலை பார்த்த கடையில் அவருக்கு ‘ஸ்கேல்’ என்று பெயர். ஊரிலேயே பெரிய செருப்புக் கடை. வாசலில் ஆள் ஏறும்போதே, “எட்டு. இடது கால் மட்டும் எட்டரை” என்பார். அளவுத் தட்டில் வைத்துப் பார்த்தால் எட்டும் எட்டரையும்தான் இருக்கும். ஓய்வு பெற்ற அன்று கடைக்காரர்கள் ஒரு கடிகாரமும், அவர் உட்கார்ந்து வேலை பார்த்த சாய்வு முக்காலியையும் கொடுத்து அனுப்பினார்கள். முன்பக்கம் சரிந்த பலகை வைத்த முக்காலி. கஸ்டமர் அதில் காலை நீட்ட, இவர் பின்னால் உட்கார்ந்து ஷூ மாட்டுவார். அதை வரவேற்பறையில் துணி போட்டு வைத்திருந்தார். யாரையும் உட்கார விடுவதில்லை.

அவரோடு பஸ் நிறுத்தத்தில் நின்றால் பொழுதுபோவதே தெரியாது. “அதோ போறான் பாரு, பத்து. ஆனா ஒன்பதைப் போட்டிருக்கான். மூஞ்சி ஏன் அப்படி இருக்குன்னு இப்பத் தெரியுதா? பொண்டாட்டி மேல எரிஞ்சு விழுவான், பாவம், அவளுக்குக் காரணமே தெரியாது.” அவள் சிரிப்பாள். அவளுடைய செருப்பும் கடித்துக்கொண்டுதான் இருக்கும். அதை அவர் பார்த்ததில்லை.

*

ஆஸ்பத்திரியில் பாதம் பார்க்கும் அம்மாளுக்கு எல்லோரும் ‘கால் நர்ஸ்’ என்றே பெயர் வைத்திருந்தார்கள். நாள் முழுக்க வயசானவர்களின் கால்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நகத்தை நேராக வெட்டுவாள், தடித்த தோலைக் கத்தியால் சீவுவாள், விரல் இடுக்கைப் பஞ்சால் ஒற்றுவாள். அவளிடம் மட்டும் அவர் காலைக் காட்டுவார். யூனிஃபார்ம் போட்டவள் காலைப் பிடித்தால் அது வேலை. பெண்டாட்டி பிடித்தால் அது வேறு.

“கண்ணை மூடிக்குங்க ஐயா. நூல் படறப்பல்லாம் ‘ம்’ சொல்லணும்.”

நைலான் நூல் ஒன்று, ஒரு பிடியில் செருகியது. அதன் நுனியால் உள்ளங்காலை ஒவ்வொரு இடமாகத் தொட்டாள். “ம்” என்றார். “ம்” என்றார். நர்ஸ் நூலைக் காற்றில் நிறுத்தினாள். எங்கும் படவில்லை.

“ம்” என்றார் அவர், தாளம் தப்பாமல்.

நர்ஸ் அவளைப் பார்த்தாள். அவள் சுவரைப் பார்த்தாள்.

“வலது கால்ல பத்துக்கு நாலு. இடதுல ஒண்ணு.”

“ஸ்கூல்லயும் நான் அதே மார்க்குதாம்மா. அதுக்காக யாரும் என் காலை வெட்டலை.”

“வெட்டற அளவுக்குப் போகக் கூடாதுன்னுதான் ஐயா நான் உக்காந்திருக்கேன்.” இடது சுண்டு விரலின் பக்கவாட்டில் சிவந்திருந்த இடத்தைக் கட்டை விரலால் அழுத்தினாள். “இங்க உரசுது. எந்த ஷூ போடறீங்க?”

அளவுத் தட்டைக் கொண்டுவந்து காலை வைத்தாள். “எட்டு. அதுவும் அகலம் கூடினது.”

“ஏழு.”

“தட்டு எட்டுன்னு சொல்லுது.”

“தட்டுக்கு என்ன தெரியும்? அதை நேத்து யாரோ தகரத்துல அடிச்சான். என் கால் ஏழு. கல்யாணத்தன்னிக்கும் ஏழு, இன்னிக்கும் ஏழு.”

நர்ஸ் அவர் காலை மடியிலிருந்து இறக்கவில்லை. நிதானமாகச் சொன்னாள். வயசானால் பாதம் பரந்துபோகும், எல்லாருக்கும்தான். மரத்துப்போன காலுக்கு இறுக்கினால்தான் ஷூ போட்ட மாதிரியே தெரியும். “அதனால உங்களுக்கு எது சரியா இருக்குன்னு தோணுதோ, அது சின்னது. தொளதொளன்னு இருக்கேன்னு தோணினா, அதுதான் உங்க அளவு. இடது கால்ல ரத்தம் சரியா ஓடலை. ஒரு கொப்புளம் வந்தா வலிக்காது, ஆறவும் ஆறாது. விரல்ல ஆரம்பிச்சா எங்க போய் நிக்கும்னு டாக்டராலயும் சொல்ல முடியாது. புரியுதா ஐயா?”

“புரியுது” என்றார், நூலுக்கு ‘ம்’ சொன்ன அதே குரலில்.

பிறகு நர்ஸ் அட்டையை வாங்கிப் பார்த்தாள். நீலம், கறுப்பு, டம்ளர் வட்டம், பதினேழாம் நாள் காலி. நர்ஸின் முகம் மலர்ந்தது.

“பாருங்க, ஒரு நாள் விட்டுப்போச்சுன்னா விட்டுப்போச்சுன்னே வச்சிருக்காங்க. பாதிப் பேரு வாசல்ல நின்னு ஒரே பேனாவால சரசரன்னு போட்டுட்டு வராங்க, எனக்குத் தெரியாதுன்னு நினைச்சு. உங்களை மாதிரி பத்துப் பேர் இருந்தா எனக்கு வேலையே இருக்காதும்மா.”

அவருடைய பெயர் இருந்த இடத்தில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டி, நடைபாதைப் பலகையில் நாலு மூலையும் குத்தி வைத்தாள். மேலே ‘மாதிரி அட்டை’ என்று சிவப்பில் எழுதினாள். அவர் அதைப் பெருமையாகப் பார்த்தார். அவர் எதற்குப் பெருமைப்பட்டார் என்று யோசிக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. புது அட்டையோடும் ஆஸ்பத்திரி ஷூவோடும் வீடு வந்தார்கள்.

ஆஸ்பத்திரி ஷூ கறுப்பாக, அகலமாக, ஒட்டும் பட்டை வைத்து இருந்தது. அதைப் போட்டு வரவேற்பறையில் நாலு எட்டு வைத்தார்.

“இது ஷூ இல்ல. ரெண்டு படகு. துடுப்பு எங்க?”

மறுநாள் அது கட்டிலுக்கு அடியில் போனது.

*

“கடைக்குப் போறேன். நல்லதா ஒண்ணு வாங்கணும்” என்று அவர் சொன்னதுமே அவள் மாடிப்படியில் நின்று கடை மேனேஜருக்குப் போன் செய்தாள். மேனேஜர் இருபது வருஷம் ஸ்கேலுக்குக் கீழே வேலை பார்த்தவர். இப்போது அவருக்கே தலை நரைத்துவிட்டது.

“எட்டு கொடுங்க. அவருக்குத் தெரியாம. உங்களால முடியும்ல?”

“நம்பரைக் குளிப்பாட்டிடலாம் அண்ணி. அண்ணன் சொல்லிக் கொடுத்ததுதானே.”

அது அந்தக் கடையின் தொழில் ரகசியம். சில பேருக்குத் தன் கால் பெரிசாகிவிட்டது என்று சொன்னால் கோபம் வரும். அவர்களிடம் வாதாடக் கூடாது. கேட்ட நம்பர் பெட்டியிலேயே ஒரு அளவு பெரியதை வைத்து, உள்ளே அச்சடித்த எண்ணை ஸ்பிரிட்டில் துடைத்து, சின்ன எண் ஸ்டிக்கரை ஒட்டிக் கொடுப்பார்கள். கஸ்டமர் ‘பார்த்தியா, என் அளவு மாறவே இல்லை’ என்று சந்தோஷமாகப் போவார். ஆரம்பித்து வைத்தவர் ஸ்கேல்தான்.

கடையில் ராஜ மரியாதை. ஏ.சி.க்கு நேரே நாற்காலி. புதுப் பையன்கள் சுற்றி நின்று, “அண்ணே, என் கால் என்ன நம்பர்?” என்று கேட்க, அவர் ஒவ்வொன்றாகச் சொல்ல, கைதட்டல். அவர் முகத்தில் பத்து வயசு குறைந்தது.

“அண்ணிக்கு ஒண்ணு எடுத்துடலாம்” என்றார் மேனேஜர்.

“அவளுக்கென்ன, வீட்டுக்குள்ளதானே. சரி, எடு. அஞ்சு.”

திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார். ஐந்து அவள் கல்யாணமான வருஷத்து அளவு. இரண்டு பிள்ளை பெற்று, முப்பது வருஷம் பஸ்ஸில் நின்று, அவள் கால் ஆறாகி ஆறரையாகியிருந்தது. வருஷா வருஷம் கடையிலிருந்து அவர் ஐந்து கொண்டுவருவார். குதிகால் வெளியே தொங்கும். சுண்டு விரல் பக்கத்து விரலுக்கு அடியில் மடிந்து, இப்போது அப்படியே நின்றுவிட்டது. முதல் தடவை அவள் சொன்னபோது, “ஸ்கேலுக்கே அளவு சொல்றியா?” என்று சிரித்தார். அதோடு விட்டுவிட்டாள்.

பையன் ஐந்து கொண்டுவந்து அவள் காலில் திணித்தான். அவன் கண்ணுக்கே தெரிந்தது. அவளைப் பார்த்தான், ஸ்கேலைப் பார்த்தான், பேசாமல் பெட்டியை மூடினான்.

மேனேஜர் தானே குனிந்து அவருக்கு ஷூ மாட்டினார். பெட்டியில் ஏழு, உள்ளே ஏழு. அவர் எழுந்து இரண்டு அடி நடந்தார். நின்றார். உட்கார்ந்து ஷூவைக் கழற்றி, அடிப்பக்கத்தில் கையை விரித்து வைத்தார்.

“என் கைக்கு ஒரு சாணும் மூணு விரலும் ஏழு. இது நாலு விரல்.” ஷூவுக்குள் மூக்கை நுழைத்தார். “ஸ்பிரிட் வாசனைகூடப் போகலை. என் வித்தையை என்கிட்டயேவா?”

பையன்கள் சிரித்தார்கள். மேனேஜர் சிரிக்கவில்லை. அவர் காது சிவந்துவிட்டது.

“அண்ணே, சத்தியமா சொல்றேன், உங்க காலு எட்டு. கட்டை விரல் வச்சுப் பார்த்தேன்.”

“கஸ்டமர்கிட்ட வாதாடாதேன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? ஏழைக் கொண்டா.”

ஏழு வந்தது. அதை மாட்டத் தகரக் கரண்டி தேவைப்பட்டது. மேனேஜர் குனிந்தபடியே தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார்.

“அண்ணி, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க.”

கடை முழுக்க அவளைப் பார்த்தது. நர்ஸ் சொன்னதெல்லாம் அவள் நாக்கு நுனியில் இருந்தது. கொப்புளம், ரத்தம் ஓடாத கால், எங்கே போய் நிற்கும் என்று தெரியாது. அவள் மடியில் ஐந்தாம் நம்பர் பெட்டி இருந்தது.

“அவருக்குத் தெரியாததா?” என்றாள்.

அவர் ஜெயித்தவர் மாதிரி எழுந்து கண்ணாடி முன்னால் நடந்தார். போய்த் திரும்பினார். மறுபடியும் போனார். பிறகு அப்படியே நின்றார்.

வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் அவள் காதருகே சொன்னார்: “பிடிக்குதுடி. யாரோ ரெண்டு கையாலயும் என் காலைப் பிடிச்சுக்கிட்ட மாதிரி இருக்கு. நாலு வருஷம் கழிச்சு இன்னிக்குத்தான் எனக்குக் கால் இருக்கிறதே தெரியுது.”

அவர் கண் ஈரமாக இருந்தது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இனி எப்படிச் சொல்வது?

*

அதற்கப்புறம் அவர் காலையும் மாலையும் நடந்தார். டாக்டர் நடக்கச் சொன்னாரே என்று அவரே சொல்லிக்கொள்வார். படியிறங்கும்போது ஷூவின் சத்தம் டக், டக் என்று கேட்கும். அவள் ஃபிரிட்ஜின் மேலிருந்த புது அட்டையில் அன்றன்றைக்கு டிக் போட்டாள். இப்போதெல்லாம் கடைசி நாள்வரை காத்திருப்பதில்லை. டீ போடுகிற மாதிரி அதுவும் ஒரு வேலையாகிவிட்டது. அவர் ஷூ மாட்டுகிற சத்தம் கேட்டதும் ஒரு டிக். பேனாவை மட்டும் மாற்றிக்கொண்டாள்.

பன்னிரண்டாம் நாள் துவைக்கப் போட்ட இடது சாக்ஸில் மஞ்சளாக ஒரு கறை, காசு அளவு. ஷூவுக்குள் ஒட்டின பசையாக இருக்கும் என்று நினைத்தாள். அப்படி நினைக்க விரும்பினாள் என்பதுதான் சரி. சோப்புப் போட்டுக் கசக்கினாள், போய்விட்டது. பதினாலாம் நாள் மறுபடி இருந்தது.

“கால்ல ஏதாவது இருக்கா, பார்க்கட்டுமா?”

“ஒண்ணும் இல்ல. வலியே இல்லை.”

வலிக்காது என்றுதானே நர்ஸ் சொன்னாள் என்று கேட்டிருக்கலாம். தாடை தானாக இறுகியது. சாக்ஸைத் துவைத்துக் காயப்போட்டாள்.

பதினெட்டாம் நாள் வீட்டில் நாற்றம். ஃபிரிட்ஜை நகர்த்திப் பார்த்தாள், எலி ஏதாவது செத்துக் கிடக்கிறதா என்று. அடுப்படி மேடைக்கு அடியில் பெருக்கினாள். குப்பைக் கூடையைக் கழுவிக் கவிழ்த்தாள். எதற்கும் போகவில்லை. மறுநாள் மதியம் அவர் காய்ச்சலோடு ஷூவைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் சாய்ந்தபோதுதான் நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தது.

ஷூ கழன்றது. சாக்ஸ் கழலவில்லை. தண்ணீர் ஊற்றி ஊறவைத்துத்தான் எடுக்க முடிந்தது. சுண்டு விரல் இருந்த இடம் கறுத்திருந்தது. அடிப்பாதத்தில் ஒரு பள்ளம். அவள் கட்டை விரல் முழுசாக அதில் இறங்கும்.

ஃபிரிட்ஜின் மேல் அட்டையில் அன்றைக்கான டிக் ஏற்கெனவே விழுந்திருந்தது.

*

முதலில் இரண்டு விரல் என்றார்கள். பிறகு ஐந்து. கடைசியில் பாதத்தில் பாதி. இடது குதிகால் மட்டும் கட்டுக்குள் மொந்தையாக மிஞ்சியது.

வார்டில் அவரைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். ஒவ்வொருவரிடமும் அவர் கதை சொன்னார். கதையில் கடை வரவில்லை, ஏழாம் நம்பர் வரவில்லை. அட்டை வந்தது. வீட்டிலிருந்து ரிப்போர்ட்டுகளோடு சேர்த்து அதையும் மகன் எடுத்து வந்திருந்தான்.

“பாருங்க, தேதி போட்டு டிக் போட்டிருக்கா. அடிப்பக்கம், விரல் இடுக்கு உட்பட. பத்தொன்பது நாள். நான் நம்பிட்டேன். நம்ம வீட்டு ஆள் பார்க்கறாங்கன்னா நாம நம்ப மாட்டோமா?”

மகன் அவளை வராந்தாவுக்குக் கூட்டிப்போனான். “ஏம்மா, நீ பார்க்கவே இல்லையா?”

“பார்த்தேன்னு போட்டிருக்குல்ல.”

“போட்டிருக்கு. பார்த்தியா?”

தாடையைப் பற்றிச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தாள். முப்பத்தெட்டு வயசுப் பிள்ளையிடம், அப்பா அரைக் காலோடு உள்ளே படுத்திருக்கும்போது, என்னவென்று சொல்வது? உதைத்தார் என்றா, இழுத்தார் என்றா?

“இல்லை” என்றாள்.

அவன் உள்ளே போய் அப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

மேனேஜர் வந்தார். கட்டிலருகே நின்று குலுங்கிக் குலுங்கி அழுதார். “ஏன்டா அழறே? கடைல இனிமே எனக்கு ஒத்தை ஷூ போடுவீங்களா, இல்ல ஜோடியாத்தான் தலையில கட்டுவீங்களா?” என்று அவர் கேட்டார். போகும்போது லிஃப்ட் வாசலில் மேனேஜர் அவளிடம், “அண்ணி, அன்னிக்கு நீங்க ஒரு வார்த்தை…” என்று ஆரம்பித்தார். லிஃப்ட் வந்துவிட்டது.

*

இப்போது மிச்சமிருப்பது வலது கால். அதில் நூல் பட்டால் தெரிகிற இடங்கள் நாலாக இருந்தது மூன்றாகிவிட்டது. அதுவும் போனால் படுக்கைதான் என்று டாக்டர் இருவரையும் உட்காரவைத்துச் சொல்லிவிட்டார். கால் நர்ஸ் புது அட்டையும், வீட்டில் வைத்துக்கொள்ள ஒரு நைலான் நூலும் கொடுத்தாள். கொடுக்கும்போது அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்த மறுநாள் காலை ஏழு மணிக்கு அவள் சாய்வு முக்காலியின் மேலிருந்த துணியை எடுத்தாள். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார், தடுக்கவில்லை. அதில் உட்கார்ந்து, “வைங்க” என்றாள். அவர் காலைத் தூக்கிச் சரிவில் வைத்தார். நாற்பத்தோரு வருஷம் எத்தனையோ பேர் வைத்த மாதிரி, எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு.

“குதிகாலைத் தாங்கிப் பிடி. விரலைப் பிடிச்சு இழுக்காதே. கஸ்டமர் காலை அப்படியா பிடிப்பாங்க?”

குதிகாலைப் பிடித்தாள். விரல் இடுக்கு ஒவ்வொன்றையும் விரித்துப் பார்த்தாள். அடிப்பக்கத்துக்கு டார்ச் அடித்தாள். வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, ஒற்றி, விரல் இடுக்கை விட்டுவிட்டு க்ரீம் தடவினாள். பிறகு அட்டையை எடுத்துப் பக்கத்தில் கிடந்த நீலப் பேனாவால் டிக் போட்டாள். நாற்பது வருஷத்தில் அந்தக் காலை அவள் முழுசாகப் பார்த்தது அன்றுதான். அழகான கால், எங்கும் ஒரு கோணல் இல்லை. எப்போதும் சரியான ஷூ போட்டு வளர்ந்த கால்.

தினமும் அதே ஏழு மணி, அதே முக்காலி, பேனாவும் முக்காலிக்குப் பக்கத்திலேயே கிடந்தது. ஒரு நாளும் விடவில்லை. அவளுக்குக் காய்ச்சல் வந்த அன்றுகூட.

வாரத்துக்கு ஒரு நாள் நூல். அவர் கண்ணை மூடிக்கொள்வார்.

“இப்ப?”

“ம்.”

“இப்ப?”

“ம்.”

மூன்றாவது வாரம் அவள் நூலைக் காற்றில் நிறுத்தினாள். பாதத்துக்கும் நூலுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி.

“இப்ப?”

“ம். நல்லாத் தெரியுது.”

அவள் நூலைப் பெட்டியில் வைத்து மூடினாள். “தெரிஞ்சாச் சரி” என்றாள்.

நாலு வாரம் முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அவரைச் சக்கர நாற்காலியில் வைத்து அவள் தள்ளினாள். ஐந்தாம் நம்பர் செருப்பு ஒவ்வொரு அடிக்கும் குதிகாலை வெட்டியது. கால் நர்ஸ் வலது காலை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். புண் இல்லை, சிவப்பு இல்லை. அட்டையை வாங்கினாள். வெகுநேரம் பார்த்தாள்.

“இருபத்தெட்டும் போட்டிருக்கு.”

“ஆமா.”

“ஒரு நாள்கூட விட்டுப்போகலை. ஒரே பேனா. ஒரே மாதிரி டிக். ஒரு கறை இல்லை, கசங்கல் இல்லை.” நர்ஸின் குரல் கோபமாக இல்லை, களைப்பாக இருந்தது. “அம்மா, கால் இந்தத் தடவை தப்பிச்சுருச்சு. ஆனா என்கிட்ட உண்மையைச் சொல்லிடுங்க. இன்னிக்குக் காலைல போட்டதா, இல்ல இங்க வெளியில உக்காந்து போட்டதா?”

“தினமும் பார்த்தேன். தினமும் ஏழு மணிக்கு. சத்தியமா.”

“போன தடவையும் டிக் இருந்துச்சும்மா.”

அவள் அவரைப் பார்த்தாள். முக்காலியில் அவள் உட்கார்ந்தது, டார்ச், தண்ணீர், க்ரீம், இருபத்தெட்டுக் காலைப்பொழுது. இந்த உலகத்தில் அதற்கு ஒரே ஒரு சாட்சி எதிரில் உட்கார்ந்திருந்தார்.

“நீங்க சொல்லுங்க” என்றாள்.

அவர் தன் வலது காலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். யாருடையதோ என்பது போல.

“எனக்கென்ன தெரியும்? அந்தக் கால்ல எனக்கு எதுவுமே தெரியறதில்லை. நான் சுவத்தைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருப்பேன். அவ தொட்டாளா தொடலையான்னு நான் எப்படிச் சொல்றது?”

நர்ஸ் கோப்பில் ஏதோ எழுதினாள். அட்டையை அதற்குள் செருகி, இன்னொன்றை எடுத்து நீட்டினாள்.

வெளியே நடைபாதையில் கூட்டம். நாற்காலியை ஓரமாக நிறுத்திவிட்டு அவள் மூச்சு வாங்கினாள். பலகையில் ‘மாதிரி அட்டை’ இன்னும் இருந்தது. ஒரு மூலை ஆணி விழுந்து மடங்கியிருந்தது. நீலம், கறுப்பு, மறுபடி நீலம், டம்ளர் வட்டம். காத்திருந்த ஒரு பெண் தன் புது அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினேழாம் நாள் மட்டும் காலி. அந்த அட்டையில் பொய்யில்லாத கட்டம் அது ஒன்றுதான்.

“என்ன நின்னுட்டே? தள்ளு” என்றார் அவர்.

தள்ளினாள்.